துவக்குச் சட்டம் பற்றிக் கதைத்த ஞாயிறு

"…அப்ப பக்கத்து வீட்டுக்காரன் ரெலிபோன் எடுத்து ஒரு சொல்லுச் சொன்னால் காணும், என்ரை துவக்கைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள், என்ன? அண்ணை, நான் பகிரங்கமாச் சொல்லுறன். நாங்கள் தலையாட்டியைக் கண்ட சனம். ஆரையும் காட்டிக் குடுக்கிற வேலை எங்களுக்கு வேண்டாம்!"

எங்கள் ஊர்ப் பேச்சில் துப்பாக்கியைத் துவக்கு என்போம். சொன்னவர் கர்க்லாண்ட் அண்ணை. அவருடைய சொந்தப் பெயர் எனக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருந்த பாதிப் பேருக்கும் தெரியும். ஆனாலும் மொன்றியலில் எங்கள் ஞாயிறு வானொலி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் வருகிறவர்கள் இருக்கும் இடத்தின் பெயரோடுதான் வருவார்கள்; அது எங்களுக்குள் ஒரு மரியாதை. அவர் என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன், அவரும் என்னை அண்ணை என்பார். ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பவன் ஊருக்கெல்லாம் அண்ணை. நீங்களும் பழகிக்கொள்வீர்கள்.

அவர் அதைச் சொல்லி முடித்த கையோடு, எனக்கு முன்னால் இருந்த பெட்டியில் மூன்றாம் விளக்கு அணைந்தது.

இப்போது உங்களுக்குத் திரை வந்துவிட்டது. எங்களிடம் இருந்தது ஒரு பழைய பெட்டி. ஒவ்வொரு தொலைபேசி இணைப்புக்கும் ஒரு சின்ன விளக்கு. யாராவது காத்திருந்தால் எரியும், வைத்துவிட்டால் அணையும். அணைவது புதிதல்ல. அடுப்பில் கறி அடிப்பிடித்தால் வைத்துவிடுவார்கள், பிள்ளை அழுதால் வைத்துவிடுவார்கள். ஆனால் இந்த விளக்கு நிகழ்ச்சி தொடங்கியதிலிருந்து அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஒருமுறைகூட "எனக்கு எப்ப தருவியள்?" என்று கேட்காமல் யாரோ காத்திருந்தார்கள். அந்த ஒரு வசனத்தில் போய்விட்டார்கள்.

இந்த நிகழ்ச்சியைப் பொறுப்பெடுக்கப்போகிற நீங்கள் மூன்று பேரும் போன கிழமை என்னிடம் கேட்டீர்கள்: எங்காவது பலரைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்த கிழமையில் நிகழ்ச்சியை எப்படி நடத்துவது, சண்டை வந்தால் என்ன செய்வது என்று. எனக்குப் பாடமெடுக்கத் தெரியாது. கேக் பெட்டி அடுக்குகிற தொழிற்சாலையில் வேலை செய்தவன் நான். கதைக்கப் படித்தது மெட்ரோவிலும் பஸ்ஸிலும் மற்றவர்கள் கதைப்பதைக் கேட்டுத்தான். அதனால் அந்த ஒரு ஞாயிறை மட்டும் சொல்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முதல் ஒரு சின்னக் கதை. பல வருடங்களுக்கு முன்னர், இப்படி ஒரு கிழமையில், நிகழ்ச்சியைத் தொடங்கும்போது, "துவக்கு வேணுமா, வேண்டாமா? உங்கள் கருத்து என்ன?" என்று கம்பீரமாகக் கேட்டேன். ஒரு விளக்குக்கூட எரியவில்லை. பாட்டுப் போட்டேன், திரும்பவும் கேட்டேன். ஒன்றுமில்லை. எங்களுடைய தொலைபேசியை எடுக்கிறவர் மட்டக்களப்பைச் சேர்ந்த ஒருவர், கிழமை நாட்களில் ஒரு garderie-யில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், வேலை. என்னைவிட இரண்டு வயது இளையவர், ஆனாலும் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து எழுந்து வந்து சொன்னார்:

"நம்மட சனம் இந்தக் கேள்விய மொன்றியல்ல இருந்து கேக்கல்ல. ஊர்ல இருந்து கேக்குது. 'இயக்கத்தப் பத்திக் கேக்கானா, ஆமியப் பத்திக் கேக்கானா' எண்டு யோசிச்சுக்கிட்டு இருக்கும். பெரிய கேள்விய விட்டுட்டுச் சின்னதாக் கேளுங்க. மறுகா பாருங்க."

பிறகு என்பதற்கு எங்களைப்போல "பேந்து" என்று சொல்லாமல் "மறுகா" என்று சொல்லுகிறவரோடு நான் ஒவ்வொரு ஞாயிறும் பகிடி விடுவேன். அன்றைக்கு விடவில்லை. அவர் எனக்கு என்னத்தைச் சொல்லித் தந்தார் என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்வேன்: சனம் எங்கே இருந்து கேட்கிறது என்று பார்.

இப்போது அந்த ஞாயிறு. அந்தக் கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்திருந்தது. எங்கே என்று சொல்லத் தேவையில்லை. நீங்கள் எந்த வருடத்தை நினைத்தாலும் அப்படி ஒரு கிழமை இருக்கும். சுட்டவனுடைய பெயரை நாங்கள் சொல்வதில்லை, அதை முதலே முடிவெடுத்திருந்தோம். சின்னக் கேள்வி ஒன்றைத்தான் வைத்தேன்: ஆபத்தானவரிடம் துவக்கு இருக்கிறது என்று தெரிந்தால் யார் என்ன செய்யவேண்டும்?

விளக்கெல்லாம் எரிந்தன.

முதலில் டொலார்டிலிருந்து ஒரு அம்மா, முருகன் கோவிலுக்குப் போகிற வழியில், காரை ஓரமாக நிறுத்திவிட்டு. "எல்லாத்துக்கும் காரணம் உந்தக் கொம்பியூட்டர் விளையாட்டுத்தான் அண்ணை. நாள் முழுக்க ஆளைச் சுட்டுக்கொண்டிருந்தால் கை சும்மா இருக்குமோ?" அவருக்கு இரண்டும் பெண்பிள்ளைகள், விளையாட்டுப் பக்கமே போகாதவர்கள்.

பிறகு ஒரு மாணவி. "அங்கிள், விளையாட்டு எல்லா நாட்டிலையும் இருக்கு. இந்தச் சிற்றியில பெண் பிள்ளைகளைத் தெரிஞ்செடுத்துச் சுட்டவன் ஒருத்தன். அந்தப் பிள்ளைகளை நினைச்சு ஒவ்வொரு டிசம்பரும் மலையில லைற் போடினம், நீங்கள் பாக்கிறனீங்கள்தானே? அதைப் பாத்துக்கொண்டே மண்டைப்பிழை எண்டு சொல்லி முடிக்கேலாது. வெறுப்பு அங்கிள். வெறுக்கிறவன்ரை கையில துவக்கு லேசாக் கிடைச்சது." கைத்துப்பாக்கி விற்பனைக்குப் போட்ட தடையையும் போர்த் துப்பாக்கி மாதிரியானவற்றுக்குப் போட்ட தடையையும் அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து நியாயம் சொன்னது. நல்ல தெளிவு.

அடுத்தவர் மண்டைப்பிழைதான், மனநோய்தான் காரணம் என்றார். அதற்கு அடுத்தவர் தாய் தகப்பன் வேலை வேலை என்று ஓடுவதுதான் காரணம் என்றார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். காரணம் தேடுகிற விவாதத்தில், கூடுதலான பேர் தன் வீட்டில் இல்லாத காரணத்தைத்தான் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்பதல்ல. எல்லாருமே கொஞ்சம் சரி. ஆனால் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்ச் சோறு தின்னலாம். தன் வீட்டில் இருக்கிற காரணத்தைச் சொல்ல வருகிறவர் சத்தம் போடமாட்டார். மூன்றாம் இணைப்பில் காத்திருப்பார்.

கர்க்லாண்ட் அண்ணை வந்தது அப்போதுதான். எங்கள் சனத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர் மாதிரி. "நாங்கள் வகுப்புக்குப் போய், சோதினை பாஸ்பண்ணி, பொலிஸ் விசாரிச்சு, ரெண்டு பேர் 'இவன் நல்லவன்' எண்டு கையெழுத்து வச்சு, கியூபெக்கில பதிஞ்சு, அலுமாரியில பூட்டி வச்சிருக்கிறம். களவாக் கொண்டுவாறவனைப் பிடியுங்கோ. கணக்கா நடக்கிறவன்ரை கழுத்தை ஏன் நெரிக்கிறியள்?" இதுவும் நியாயமான பேச்சுத்தான். பிறகு, ஆபத்தானவரைப் பற்றிப் பொலிசுக்குச் சொல்வது பற்றி நான் கேட்டேன். முதலில் எழுதிய அந்த வசனம் வந்தது. விளக்கு அணைந்தது.

அக்கா கதவைத் திறந்தார். பாட்டுக்கு ஒரு சின்ன இடைவெளி விட்டேன்.

"மூணாவது லைன்ல ஒரு பொம்புள. பேரக் கேட்டன், மூச்சு மட்டும்தான் வந்திச்சு. 'என்ர அவரிட்ட ஒண்டு இருக்கு. நான் கதைக்கலாமோ தெரியேல்ல' எண்டா. அவ்வளவுதான். நம்பர் விழுந்திரிக்கி. திருப்பி எடுக்கட்டா?"

"எடுத்து, அந்த மனிசன் தூக்கினால்?"

தொலைபேசிக்கு நீட்டிய கையை அக்கா எடுத்துவிட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தொலைபேசியை வைத்திருப்பார், ஆனால் வானொலியை நிற்பாட்டியிருக்கமாட்டார். எங்களுக்கு அவரிடம் போக இருந்த ஒரே வழி அதுதான்.

கர்க்லாண்ட் அண்ணையை அங்கேயே வெட்டியிருக்கலாம். "அப்படிச் சொல்லக்கூடாது" என்று கண்டித்திருக்கலாம். உங்களுக்கும் அப்படித்தான் கை துடிக்கும். கண்டித்தால் நியாயம் என் பக்கம் இருந்திருக்கும், ஆனால் அந்த விளக்கு எரிந்திராது. அவர் சொன்ன சொல் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்கவேண்டும். பாட்டு முடிந்ததும் அவரையே கேட்டேன்:

"அண்ணை, தலையாட்டியைக் கண்டனீங்களோ?"

அவருடைய குரல் இறங்கி வந்தது. "கண்டனான். எங்கட பள்ளிக்கூட மைதானத்தில ஆம்பிளையள் எல்லாரையும் வரிசையா நிப்பாட்டினவங்கள். ஜீப்புக்குள்ள ஒருத்தன், தலையில சாக்கு. கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. ஒவ்வொருத்தரா முன்னால போய் நிக்கவேணும். அவன் தலையை ஆட்டினால் ஆமி அந்தப் பக்கம் தள்ளும். என்ரை பெரியண்ணைக்கு ஆட்டினவன். அவ்வளவுதான். பேந்து நாங்கள் அவரைக் காணேல்லை."

கண்ணாடிக்கு அப்பால் அக்கா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நன்றி அண்ணை, இதைச் சொன்னதுக்கு," என்றேன். பிறகு எல்லாருக்குமாகக் கேட்டேன்: "ஆபத்து எண்டு ஒருத்தரைப் பற்றிச் சொல்லுறதெல்லாம் தலையாட்டுறதோ? இது சட்டக் கேள்வி இல்லை. உங்களைக் கேக்கிறன்."

எனக்கு விடை தெரியாது. தெரிந்தவன் மாதிரி கேட்டிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள். டொலார்ட் அம்மாதான் திரும்பவும் வந்தார், இன்னும் காருக்குள் இருந்துகொண்டே. கோவில் பூசை தவறிவிட்டது என்று ஒரு முறைப்பாடு சொல்லிவிட்டுத் தொடங்கினார்:

"அண்ணை, அந்த ஐயாவின்ரை கதையைக் கேட்டு எனக்குக் காரை எடுக்க மனம் வரேல்லை. ஆனா ஒண்டு. அவன் ஏன் சாக்குப் போட்டவன்? செய்யிறது கேவலம் எண்டு அவனுக்கே தெரியும், அதாலதானே முகத்தை மூடினவன். ஆரோ சொல்லச்சொல்லி ஆட்டினவன். நான் என்ரை பிள்ளைக்காக, என்ரை மனிசனுக்காக, முகத்தைத் திறந்து வச்சுக்கொண்டு ஒருத்தரிட்டைச் சொன்னால் அது எப்பிடித் தலையாட்டுறதாகும்?"

கொம்பியூட்டர் விளையாட்டுத்தான் காரணம் என்று சொன்ன அதே வாய்தான். ஒரு நேயரை ஒரு கருத்தை வைத்து முடித்துவிடாதீர்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் மனிதர்கள் எவ்வளவோ தூரம் நடந்துவிடுவார்கள்.

அவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் விளக்கு எரிந்தது.

நீளமான பாட்டொன்றைப் போட்டுவிட்டு அந்த இணைப்பை நானே எடுத்தேன். அக்காவும் மற்றக் காதுக்கருவியில் வந்தார்.

"றேடியோவில போடமாட்டியள்தானே?"

"போடமாட்டம் தங்கச்சி."

"எங்கட ஆக்களில மான் வேட்டைக்குப் போறது கொஞ்சப் பேர் அண்ணை. நான் வாயைத் திறந்தால் இந்தப் பாட்டு முடியிறதுக்குள்ள ஊருக்கே ஆர் எண்டு தெரிஞ்சிடும்." பின்னால் சரக், சரக் என்று ஒரு சத்தம் கேட்டது. "அவர் வெளியில பனி அள்ளுறார். அந்தச் சத்தம் நிண்டால் நான் வச்சிடுவன்."

செயின்ட்-மிஷேலில் இருந்து கதைத்தார். கணவரை நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, முன்னர் வேலையால் நிற்பாட்டியிருந்தார்கள். மேற்பார்வையாளர் ஒருவர் எல்லாருக்கும் முன்னால் அவரை இளக்காரமாகக் கதைத்து அனுப்பினாராம். அன்றிலிருந்து மனிதர் சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை. சுட்ட செய்திகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "'அவன் செய்தது பிழைதான், ஆனா ஏன் செய்தவன் எண்டு எனக்கு விளங்குது' எண்டு சொன்னவர் அண்ணை. இண்டைக்குக் காலமை துவக்கை எடுத்துத் துடைச்சார். நாளைக்குப் பக்டரிக்குப் போய் அந்த மனிசனோட ஒருக்காக் கதைச்சு முடிக்கோணும் எண்டார். மான் காலம் எப்பவோ முடிஞ்சுதே."

சரக், சரக்.

"தங்கச்சி, பொலிசுக்கு எடுக்கவேணும். இண்டைக்கே."

"எடுத்தால் சைரன் போட்டுக்கொண்டு வருவினம். அவர் பயத்தில ஏதும் செய்தால்? பேந்து நான் ஆர்? புருசனைக் காட்டிக் குடுத்தவள். அவர் மதிக்கிறது ஒரேயொரு ஆளை. இப்ப உங்களோட கதைச்சார், அவரைத்தான். லைசென்சுக்கு 'நல்லவன்' எண்டு கையெழுத்து வச்சதும் அவர்தான். அவரே இப்பிடிச் சொன்னால் நான் ஆரிட்டைப் போறது?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு குரல் வரும். அவர் அடுத்ததாக, "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றார். ஓம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. எங்கள் சனத்தின் வாய் அப்படி. அழுகிற குரலுக்கு ஓம் என்றே பழகியது. அக்கா கண்ணாடியில் விரலால் தட்டித் தலையை இல்லை என்று ஆட்டினார். "றேடியோவில போடமாட்டன்" என்பது வேறு, "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்பது வேறு. முதலாவது வாக்கைக் கொடுக்கலாம். இரண்டாவதைக் கொடுத்தால், நாளைக்கு நடப்பதில் உங்களுக்கும் பங்கு.

"தங்கச்சி, அப்பிடிச் சொல்ல என்னாலை ஏலாது. ஆனா உங்களைத் தனிய விடமாட்டம். அந்த அண்ணையோட நான் கதைக்கிறன். அவர் ஓம் எண்டாலும் இல்லையெண்டாலும் பொலிசுக்குச் சொல்லத்தான் போறம். அதை உங்களுக்கு முதலே சொல்லிப்போட்டன்."

அவர் அழுதார். ஆனால் வைக்கவில்லை. அக்கா அவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். சமையல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், என்னவோ. நான் அடுத்த பாட்டையும் வரிசையில் போட்டுவிட்டு நடைபாதையில் நின்று கர்க்லாண்ட் அண்ணையின் கைத்தொலைபேசிக்கு எடுத்தேன்.

"என்ன அண்ணை, பாட்டைப் போட்டு என்னை வெட்டிப்போட்டன் எண்டு மன்னிப்புக் கேக்க எடுக்கிறியளோ?" என்று சிரித்தார்.

சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அவனோ? விசர்க்கதை. மானைக் கண்டால் 'பாவம் அண்ணை, குட்டியோட நிக்குது' எண்டு சுடாமல் விடுறவன் அவன்."

"மானைத்தானே அண்ணை."

அவர் கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டது. பிறகு: "ரெண்டு கிழமைக்கு முன்னம் என்னட்டைத் தோட்டா கேட்டவன். காலம் முடிஞ்சுதேடா, பனிமனிசனையோ சுடப்போறாய் எண்டு பகிடி விட்டனான். அவன் சிரிக்கேல்லை. நானும் விட்டிட்டன்."

"அவர் கையெழுத்துக் கேட்டு வந்ததும் உங்களிட்டைத்தானே அண்ணை?"

"அவன் கையெழுத்துக் கேட்டு வந்த அண்டைக்கு, தேத்தண்ணி வரமுதல் வச்சுக் குடுத்தனான். எங்கட ஆக்கள் கேட்டால் ஆர் மாட்டன் எண்டது? வாடகை வீட்டுக்கு, ஸ்பொன்சருக்கு, எல்லாத்துக்கும் வச்ச கைதானே."

"அதே கையாலதான் இப்ப ஒரு ரெலிபோன் எடுக்கவேணும் அண்ணை. நீங்கள் எடுக்காட்டி நான் எடுப்பன். ஆனா நீங்கள் எடுத்தால் அவர் பிழைச்சிடுவார் எண்டு நினைக்கிறன்."

துவக்குச் சட்டத்தைப் பற்றி என்னுடைய கருத்து என்ன என்று நீங்கள் கேட்டீர்கள். நிகழ்ச்சியில் நான் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். தடைகள் வேண்டும் என்பது என் எண்ணம். லேசாகக் கிடைக்காத துவக்கு ஒரு கோபத்துக்கு ஆறுவதற்கு நேரம் கொடுக்கும். ஆனால் இரண்டு பேரிடம் "இவரைத் தெரியுமா?" என்று கேட்கிறதே இந்தச் சட்டம், அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு மனிதனுக்கு இரண்டு பேராவது இருக்கவேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. கையெழுத்து வைத்த பிறகும் அந்த இரண்டு பேரும் கண்ணைத் திறந்து வைத்திருக்கவேண்டும் என்பதைத்தான் எந்தச் சட்டத்திலும் எழுத முடியாது.

கர்க்லாண்ட் அண்ணை பொலிசுக்கு எடுத்தார். தன்னுடைய சொந்தப் பெயரில், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாராம். அந்தத் தங்கச்சியையும் இணைப்பில் எடுத்துக் கதைத்தார்களாம். மனிதர் அந்த நேரம் வீட்டில் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்றார்கள். கோப்பிக் கடைக்குக் கூப்பிடுங்கள், சும்மா கதைத்துக்கொண்டிருங்கள், மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம், கடைக்குள்ளும் எங்கள் ஆட்கள் சாதாரண உடுப்பில் இருப்பார்கள் என்றார்கள். அதன் பிறகு அவர் எனக்கு எடுத்தார்.

"தம்பி, நீயும் வா. எனக்குத் தனியப் போக ஏலாது."

இத்தனை வருடத்தில் அவர் என்னைத் தம்பி என்றது அதுதான் முதல் தடவை. மிச்ச நிகழ்ச்சியை அக்கா பாட்டும் பிறந்தநாள் வாழ்த்துமாக நடத்தி முடித்தார். காரில் கேட்டுக்கொண்டு போனேன்; அவ்வளவு சிரித்த குரலில் அவர் வாழ்த்துச் சொன்னதை அதற்கு முதல் நான் கேட்டதேயில்லை.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். உங்களைப் பதறவைத்துக் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. துவக்கைக் கொண்டுபோனார்கள். மனிதர் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தார், கன நாள் மருந்தெடுத்தார், பிறகு வேறு வேலை கிடைத்தது. துவக்கைத் திருப்பிக் கேட்கவேயில்லை. கர்க்லாண்ட் அண்ணையோடு நெடுநாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் அண்ணையின் வீட்டுக்குத் தானே பனி அள்ளப் போனாராம். இதையெல்லாம் எழுதலாமா என்று அந்தக் குடும்பத்திடம் கேட்டேன். "பேரில்லாமல் எழுதுங்கோ, ஆரும் ஒரு பிள்ளைக்குப் பிரியோசனப்படும்" என்றார் அந்தத் தங்கச்சி.

அந்த மேற்பார்வையாளருக்கு இன்றுவரைக்கும் ஒன்றும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். எங்கோ கோப்பி குடித்துக்கொண்டு பேரப்பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருப்பார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், ஆளை ஒருநாளும் கண்டதில்லை என்றாலும். எங்கள் தொழிலில் கிடைக்கிற பெரிய சம்பளம் இப்படித்தான், நடக்காமல் போனவற்றில் இருக்கும். திரும்பவும் இணைப்பை எடுத்த அந்தத் தங்கச்சிக்கும், பூசையைத் தவறவிட்ட டொலார்ட் அம்மாவுக்கும், கண்ணாடியில் தட்டிய அக்காவுக்கும், பொறுமையாகக் கேட்ட அந்த முகம் தெரியாத பெண்ணுக்கும் நான் கடமைப்பட்டவன். எல்லாருக்கும் மேலாகக் கர்க்லாண்ட் அண்ணைக்கு. அன்றைக்குக் கோப்பிக் கடையில் நடந்ததை நான் பக்கத்து மேசையில் இருந்து பார்த்தேன். அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

வெளியில் முகத்தை அறுக்கிற குளிர். கர்க்லாண்ட் அண்ணை புருவம்வரை இழுத்த தொப்பியோடும் மூக்குவரை சுற்றிய சால்வையோடும் வந்து உட்கார்ந்தார். உள்ளே சூடு, ஆனாலும் ஒன்றையும் கழற்றவில்லை. கோப்பி முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. அந்தத் தங்கச்சியின் கணவர் வந்தார். மெலிந்து, தாடி வளர்ந்து, தோளில் இன்னும் பனி. கொஞ்சம் கதைத்தார்கள்: பனி, கார் பற்றரி, அடுத்த வருட வேட்டை. அண்ணை ஒவ்வொரு சொல்லாகக் கதைத்தார். வெறும் கண்கள்தான் தெரிந்தன.

"என்ன அண்ணை, உள்ளுக்கும் குளிருதோ?" மற்றவர் சிரித்தார். கன நாளைக்குப் பிறகு சிரிக்கிறவனுடைய சிரிப்பு, பாதியில் நின்றுவிட்டது. "பாங்க் அடிக்க வந்த ஆள் மாதிரி இருக்கிறியள். முகத்தைக் காட்டுங்கோவன்."

அண்ணையின் சட்டைப்பைக்குள் கைத்தொலைபேசி அதிர்ந்தது. வீட்டில் வேலை முடிந்தது என்று அவர்கள் சொல்லியிருந்த சைகை அதுதான். இனி எங்கள் ஆட்கள் வந்து பேசுவார்கள், நீங்கள் எழும்பிப் போகலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். கதவோரம் சாதாரண உடுப்பில் இருந்த ஒருவர் அண்ணையைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

அண்ணை தொப்பியைக் கழற்றினார். சால்வையை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து மடித்து மேசையில் வைத்தார். கதிரையைத் திருப்பி, வெளிச்சம் முகத்தில் விழ, நேருக்கு நேர் இருந்தார்.

"தம்பி, வடிவா என்ரை முகத்தைப் பார். இப்ப உன்ரை வீட்டில பொலிஸ் நிக்குது. துவக்கை எடுத்திட்டினம். கூப்பிட்டது நான்."

சொல்லிவிட்டு அவர் எழும்பவில்லை. ஆறிப்போன கோப்பியில் பாதியை மற்றவருடைய கோப்பைக்குள் ஊற்றிவிட்டு, அங்கேயே இருந்தார்.